வராத நாயும் வராத தூக்கமும்

முதலில் அந்த நாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்படி ஒரு நாய் குறுக்கே வரவே இல்லை. முடிச்சூர் சாலையில் அன்று காலை ஏழேகால் மணிக்கு என் ஸ்கூட்டர் மணல் குவியலில் போய் விழுந்ததற்கு எந்த நாலுகால் பிராணியும் காரணம் இல்லை. காரணம் நான். வண்டியை ஓட்டிக்கொண்டே தூங்கிவிட்டேன். பின்னால் என் பதினொரு வயது மகள் ஹனா உட்கார்ந்திருந்தாள். இதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளில் எத்தனை கூத்து நடக்க முடியுமோ அத்தனையும் நடந்தது.

இப்போது உடம்பு தேவலை. ராத்திரி வேலை பார்க்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் நன்றாகச் சிரியுங்கள், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. சிரித்து முடித்ததும் போய்ப் படுங்கள்.

நான் நூர்ஜஹான். வீட்டில் நூரு. வயது முப்பத்தொன்பது. அமெரிக்காவில் யாருக்கோ வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தராமல் இழுத்தடித்தால், அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டு ஏன் தரவில்லை என்று கேட்டு நச்சரிப்பது என் வேலை. அவர்களுக்குப் பகல் என்றால் நமக்கு ராத்திரி. சாயங்காலம் ஐந்தரைக்கு ஆபீஸ் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும், விடியற்காலை ஐந்து மணிக்குக் கொண்டுவந்து இறக்கும். பதினோரு வருஷம் இப்படியே ஓடியது. எந்த நோய்க்கு எந்தக் குறியீடு என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். தூக்கமின்மைக்கு எத்தனை வகைக் குறியீடு உண்டென்று கேளுங்கள், கடகடவென்று ஒப்பிப்பேன். அதில் ஒன்று என் பெயருக்கு எதிரே வரும் என்று மட்டும் ஒரு நாளும் தோன்றவில்லை. அதெல்லாம் வெள்ளைக்காரர்களுக்கு வருவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உண்மையைச் சொன்னால், முழித்திருப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. ரமலான் மாதம் வந்தால் என் மவுசே தனி. விடியற்காலை மூன்றரை மணிக்கு விடும் இடைவேளையில் பதினோரு வீட்டுக்குப் போன் போட்டு, “எழுந்திரிங்க, சஹருக்கு நேரமாச்சு” என்று நோன்பு பிடிக்க எழுப்பிவிடுவேன். “நூரு இருக்கும்போது நமக்கு எதுக்கு அலாரம்” என்பார்கள் சொந்தக்காரர்கள். எனக்கு அப்படியே குளிர்ந்துபோகும்.

வீட்டுக்கு வந்ததும் தொழுதுவிட்டு, சமைத்து, ஹனாவுக்கு டிபன் கட்டி, அவளைக் குரோம்பேட்டையில் இருக்கும் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவேன். என் வீட்டுக்காரர் கமாலுக்கு அஸ்தினாபுரத்தில் அலுமினிய ஜன்னல், கதவு செய்யும் பட்டறை. ஆறரைக்கே வேலை நடக்கும் இடத்துக்குக் கிளம்பிவிடுவார். வேன் வைத்துக்கொள்ளலாம் என்று அவர் எத்தனையோ தடவை சொன்னார். நான்தான் விடவில்லை. ஹனாவோடு நான் முழுதாகப் பேசுவது வண்டியில் போகும் அந்த அரைமணி நேரம் மட்டும்தான். அவள் சாயங்காலம் வரும்போது நான் கிளம்பிக்கொண்டிருப்பேன். வகுப்பில் யார் யாரோடு சண்டை, எந்த டீச்சர் தலைக்குச் சாயம் பூசியிருக்கிறார் என்பதெல்லாம் முதுகுக்குப் பின்னாலிருந்துதான் எனக்கு வந்து சேரும்.

அவளை விட்டுவிட்டு வந்து, பாத்திரம் கழுவி, ஒன்பதரைக்குப் படுப்பேன். பத்து மணிக்குக் காய்கறி வண்டி ஒலிபெருக்கியோடு வரும். பதினொன்றுக்கு கேஸ் சிலிண்டர். பன்னிரண்டுக்கு மாடி வீட்டில் குக்கர் விசில். இரண்டு மணிக்கு ஏதோ ஒரு பேங்கிலிருந்து லோன் வேண்டுமா என்று போன். இப்படிப் பிய்த்துப் பிய்த்துத் தூங்கி எழுந்து, எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்று யாராவது கேட்டால், படுத்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் கழித்து “ஆறு மணி நேரம்” என்று கூசாமல் சொல்வேன்.

உடம்பு முன்கூட்டியே சொல்லித்தான் பார்த்தது. நெஞ்செரிச்சல், கால் வீக்கம், சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. இடுப்பைச் சுற்றி ஒன்பது கிலோ கூடியது. சிலிண்டர் போடுகிற பையன் போன் செய்தபோது, “உங்கள் மெம்பர் ஐடி சொல்லுங்கள்” என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவன் பயந்து வைத்துவிட்டான். இடது கண் இமை துடித்துக்கொண்டே இருந்தது. பெண்களுக்கு இடது கண் துடித்தால் நல்ல சேதி வரும் என்பார்கள். நாலு மாதம் துடித்தது. ஒரு சேதியும் வரவில்லை.

அன்று காலை ஹனா ஏதோ சொல்லிக்கொண்டு வந்தாள். நான் “ம்ம்” போட்டது ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் இருப்பது வாயில் மணல். புதுக் கட்டடத்துக்காகச் சாலையோரம் கொட்டியிருந்த குவியல் அது. கொட்டிவைத்த புண்ணியவான் யாரோ, அவருக்காக இன்றும் துஆ செய்கிறேன். நாலடி தள்ளி மின்கம்பம். ஹனாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு, சயின்ஸ் சார்ட் இரண்டாகக் கிழிந்தது, அவ்வளவுதான்.

கூட்டம் கூடிவிட்டது. ஒரு ஆட்டோக்காரர் வண்டியைத் தூக்கி நிறுத்தினார்.

“இன்னாமா, நாய் குறுக்க வந்துச்சா?”

அவராகவே எடுத்துக் கொடுத்தார். நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். “ஆமாண்ணா. நாய்தான்.”

“எந்தப் பக்கமா ஓடுச்சு?”

கையை ஒரு பக்கம் காட்டினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே டீக்கடை வாசலில் செம்மண் நிறத்தில் ஒரு நாய் நாலு காலையும் நீட்டிக்கொண்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது. “பாரு, செய்றத செஞ்சிட்டு ஒண்ணும் தெரியாத மாரி நடிக்குது” என்றார் ஆட்டோக்காரர். ஹனா என்னைப் பார்த்தாள். பிறகு அந்த நாயைப் பார்த்தாள்.

சரி, எழுந்து போகலாம் என்று பார்த்தால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அடித்ததுகூடப் பரவாயில்லை, நடுநடுவே நின்று நின்று அடித்தது. கை கால் சில்லிட்டது. அதே ஆட்டோவில் குரோம்பேட்டையில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தோம். ரத்த அழுத்தம் நூற்று எழுபதுக்கு நூற்றுப் பத்து. இரண்டாவது தடவை பார்த்தும் இறங்கவில்லை. இ.சி.ஜி. எடுத்த இளம் டாக்டர், “எக்டோபிக் பீட்ஸ் நிறைய இருக்கு” என்றார். பயந்துபோய் அவர் முகத்தைப் பார்த்தேன். வரிசையில் நிற்கும்போது ஒருவர் முந்திக்கொண்டு போவதுபோல, ஒரு துடிப்பு தன் முறைக்கு முன்னாலேயே துடித்துவிடுகிறதாம். அதற்கடுத்து ஒரு சின்ன இடைவெளி விழும். அதுதான் நமக்கு நின்றுபோனதுபோலத் தெரிகிறது. பெரும்பாலும் ஆபத்தில்லை, ஆனாலும் இரண்டு மூன்று நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்.

கமால் ஓடி வந்தார். எங்கள் வீட்டில் புருஷனை மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். “மச்சான், எனக்கு ஒண்ணுமில்ல” என்று நான் சொன்னதும், அவர் என் செருப்பில் இருந்த மணலைத் தட்டிக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டார். அலுமினியத் தூள் ஒட்டிய அந்தக் கையைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

பெண்கள் பகுதியில் இரண்டு பேர் அறை. பக்கத்துக் கட்டிலில் தேசம்மா அக்கா. கோவளம் பக்கத்து மீனவக் குடும்பம், தாம்பரம் மார்க்கெட்டில் மீன் கடை. பித்தப்பையில் கல் எடுத்துவிட்டு, அந்தக் கல்லை ஒரு சின்ன டப்பியில் போட்டு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். என் மார்பில் ஹோல்டர் என்று ஒரு கருவியைக் கட்டிவிட்டார்கள். இருபத்துநாலு மணி நேரமும் இதயத்தின் ஒவ்வொரு துடிப்பையும் எழுதிக்கொண்டே இருக்கும். முதல் நாள் ராத்திரி நான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

“இன்னாம்மா, ராவெல்லாம் முழிச்சிகினே கீற? தூக்கம் வர்லியா?”

“நைட் டூட்டிக்கா. பழகிப்போச்சு.”

“நானுந்தான் ரெண்டு மணிக்கு ஏந்து மீனெடுக்கப் போறேன். ஆனா ராவு எட்டு மணிக்குக் கட்டையச் சாச்சா இடி வுழுந்தாலும் ஏந்திரிக்க மாட்டேன். நீ எப்ப சாய்ப்ப?”

நான் என் தூக்கத்தை அரைமணி, முக்கால்மணி என்று வரிசையாகச் சொன்னேன். அவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்து பாதியில் நிறுத்திவிட்டார்.

“அடியாத்தே! வூட்ல யாருக்கும் தெரியாம திருட்டுத்தனமால்ல தூங்கிகினு கீற?”

சிரித்த சிரிப்பில் அவருக்குத் தையல் இழுத்து, “அய்யோ அய்யோ” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார். நர்ஸ் வந்து இரண்டு பேரையும் திட்டினார்.

இதற்கிடையில் வெளியே என் நாய் வளர்ந்துகொண்டிருந்தது. என் தம்பி இம்ரானுக்கு எதையும் சின்னதாகச் சொல்ல வராது. முதல் நாள் ஒரு நாய். மறுநாள் பிரியாணி கொண்டுவந்த மாமி, “மூணு நாயாமே?” என்று கேட்டார். அது ஏற்கெனவே நாலு பேரைத் துரத்தியதாக இன்னொருவர் சொன்னார். எதற்கும் இருக்கட்டும் என்று எனக்கு வெறிநாய்க் கடி ஊசி போடச் சொல்லி இம்ரான் நர்ஸிடம் சண்டைக்கே போய்விட்டான். “நாய் என் மேல படவே இல்லடா” என்று நான் கத்தினேன். நான் சொன்னதில் அது ஒன்றுதான் நிஜம்.

மூன்றாவது நாள் சாயங்காலம் அவன் மார்பை நிமிர்த்திக்கொண்டு வந்தான். “அக்கா, கம்ப்ளைன்ட் குடுத்துட்டேன். தெருவுல ஆறு பேர் கையெழுத்து. அந்த டீக்கடை நாயப் புடிக்க நாளைக்குக் காலைல வண்டி வருது.” சொல்லிவிட்டு, பாராட்டை எதிர்பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றான். கிடைக்கவில்லை என்றதும் டீ வாங்கக் கீழே போனான்.

ஹனா ஜன்னலோரம் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாகப் பள்ளிக்கூடம் விட்டதும் வருகிறாள், என் கட்டிலில் மட்டும் வந்து உட்காரவில்லை. பேனாவை மூடினாள்.

“அம்மா, அது பேரு பிஸ்கட். அது தூங்கிட்டுத்தான் இருந்துச்சு.”

“தெரியும் கண்ணு.”

“நீயும் தூங்கிட்டுத்தான் இருந்த.”

 தேசம்மா அக்கா போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். கமால் பிளாஸ்க்கைத் திறந்தவர் திறந்தபடியே நின்றார்.

“சைடு கண்ணாடில பாத்தேன். கண்ணு மூடியிருந்துச்சு. அம்மா, அம்மான்னு ரெண்டு தடவ கூப்ட்டேன். நீ ம்ம்னு சொன்ன. அப்பறம்தான் மணல்.”

மூன்று நாளாக இதை அவள் ஒருத்தியே சுமந்துகொண்டிருந்தாள். என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று ஒரு குழந்தை வாயை மூடிக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. நாலு பேர் முன்னால் வரும் வெட்கம்கூட ஆறிவிடும், இது நெஞ்சை அறுத்தது.

“ஆமாம் மச்சான்” என்றேன். “நாய் வரல. நான்தான் தூங்கிட்டேன்.”

கமால் கத்துவார் என்று நினைத்தேன். மெதுவாக, “எத்தன தடவ?” என்று கேட்டார்.

“விழுந்தது இந்த ஒரு தடவதான்.”

“தூங்கினது?”

அதற்குப் பதில் எனக்கே தெரியாது. அப்படியே சொன்னேன். அவர் ஸ்கூட்டர் சாவியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு, திரும்ப உள்ளேயே போட்டுக்கொண்டார்.

“நான் இனிமே உன் வண்டில வரமாட்டேன்மா” என்றாள் ஹனா. கோபமே இல்லை அவள் குரலில். நாளைக்கு மழை வரும் என்பதுபோல் சொன்னாள். இதயத்தில் துடிப்பு முந்தியபோதுகூட எனக்கு அவ்வளவு பயம் வரவில்லை, அந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்துபோனேன். அந்த அரைமணி நேரத்தை இழந்துவிட்டால் என் மகளிடம் எனக்கு மிச்சம் என்ன இருக்கிறது?

இம்ரானைக் கூப்பிட்டுச் சொன்னேன். “என்னக்கா இது பேஜாரு! ஆறு பேரு கையெழுத்து வாங்கியிருக்கேனே!” என்று தலையில் கை வைத்துக்கொண்டான். ஆனால் நல்லவன். மறுநாள் விடியற்காலையிலேயே டீக்கடையில் போய் உட்கார்ந்து, வண்டி வந்தபோது பிஸ்கட்டை மடியில் வைத்துக்கொண்டு, கையெழுத்துப் போட்ட ஆறு பேரிடமும் தனித்தனியாக, “எங்கக்கா தூங்கிட்டா, நாய் மேல தப்பில்ல” என்று சொல்லி அனுப்பினான். அதோடு முடிச்சூர் முழுக்கச் செய்தி பரவிவிட்டது.

ஆஸ்பத்திரியிலும் நிஜத்தைச் சொன்னதும், இதய டாக்டர் என்னைத் தூக்கத்துக்கென்று இருக்கும் ஒரு டாக்டரம்மாவிடம் அனுப்பினார். எதைச் சொன்னாலும் ஆச்சரியப்படாத முகம் அவருக்கு. எனக்கு வந்தது ‘மைக்ரோ ஸ்லீப்’ என்றார். தூக்கம் ரொம்பக் குறைந்துபோனால், மூளை நம்மைக் கேட்காமல் இரண்டு மூன்று வினாடி கடையைச் சாத்திவிடும். கண் திறந்திருந்தாலும் உள்ளே ஆளில்லை. நாம் தூங்கினோம் என்று நமக்கே தெரியாது. ரத்த அழுத்தம், படபடப்பு, நெஞ்செரிச்சல், எடை, மறதி எல்லாம் தனித்தனி வியாதி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் தூக்கக் கடனில் பங்குண்டு என்றார். ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி எல்லையில் வந்து நின்றிருந்தது. வைட்டமின் டி அடிமட்டத்தில். “வெயில் பாக்கறீங்களா?” என்று கேட்டார். சென்னையில் இருந்துகொண்டு வெயில் போதவில்லை என்று பேர் வாங்கியவள் நான்.

குறட்டை விடுவீர்களா என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் கமால் “விடுவா டாக்டர்” என்றார். அப்படியானால் தூக்க ஆய்வு ஒன்று செய்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும். உடம்பெல்லாம் ஒயர் ஒட்டி, மூச்சு, மூளை, இதயம், கால் அசைவு எல்லாவற்றையும் பதிவு செய்வார்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று அதில் தெரிந்துவிடும். கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். தலையில் எண்ணெய் கூடாது, மத்தியானத்துக்கு மேல் டீ, காபி கூடாது, பகலில் தூங்கக் கூடாது.

வீட்டுக்கு வந்து பத்து நாள் கழித்து அந்த ஆய்வு. டாக்டர் சொன்னபடி லீவில்தான் இருந்தேன், ஆனால் உடம்பு இன்னும் அமெரிக்க நேரத்தில்தான் ஓடியது. தாளை நன்றாகப் படித்தேன். பகல் தூக்கம் என்றால் சாப்பிட்டுவிட்டுப் போடும் குட்டித் தூக்கம், அதை நான் போடுவதே இல்லை. என் தூக்கம் ராத்திரித் தூக்கம், அதைப் பகலில் தூங்குகிறேன், அவ்வளவுதான். எனவே காலை ஒன்பதரைக்குப் படுத்து சாயங்காலம் நாலு மணிக்கு எழுந்து, தலைக்குக் குளித்து, ராத்திரி ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போய் நின்றேன். பதினோரு வருஷத்தில் அவ்வளவு நன்றாக நான் தூங்கியதே இல்லை.

சரண்யா என்று ஒரு டெக்னீஷியன் பெண். முக்காட்டை விலக்கி, உச்சந்தலையிலிருந்து கெண்டைக்கால்வரை பசை தடவி இருபது ஒயருக்கு மேல் ஒட்டினாள். விளக்கை அணைத்துவிட்டுப் பக்கத்து அறையில் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. எனக்கோ கண் பளிச்சென்று இருந்தது. ஒலிபெருக்கியில், “மேடம், கொஞ்சம் தூங்க ட்ரை பண்ணுங்க” என்றாள்.

“ட்ரை பண்ணிட்டேதாம்மா இருக்கேன்.”

ஒரு மணிக்கு எனக்குப் பசித்தது. அது ஆபீஸில் சாப்பாட்டு நேரம். இரண்டு மணிக்கு, “எங்க வேலை பாக்கறீங்க மேடம்?” என்று அவள் பேச்சுக் கொடுத்தாள். சொன்னேன். அவள் அப்பாவின் ஆபரேஷன் கிளெய்மை இன்சூரன்ஸ்காரர்கள் தள்ளிவிட்டார்களாம். சும்மா இருப்பேனா? ஒயரோடு எழுந்து உட்கார்ந்து, என்ன எழுத வேண்டும், எந்தக் காகிதத்தை இணைக்க வேண்டும் என்று மூன்று மணிவரை வரிவரியாகச் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள். நாலரைக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. “சரண்யா?” என்றேன். பதில் இல்லை. “சரண்யா, தூங்கிட்டியாம்மா?” “ஐயோ, இல்ல மேடம்!” என்று பதறி எழுந்தாள். ஆக, அன்றைக்கு அந்தத் தூக்க ஆய்வு அறையில் தூங்கியது ஒரே ஒருத்திதான், அது நான் இல்லை.

காலையில் ஒயரைக் கழற்றினார்கள். கமால் வரும்வரை உட்காரலாம் என்று காத்திருக்கும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்தேன். அவர் வந்து உலுக்கியபோது மணி பத்தேகால். சுற்றியிருந்தவர்கள் யாரோ என் மடியில் பையை நகர்த்தி வைத்து, முக்காடு நழுவாமல் சரிசெய்துவிட்டிருந்தார்கள்.

ஆச்சரியப்படாத டாக்டரம்மா அன்றைக்கு மேஜையில் கவிழ்ந்து சிரித்தார். “பகல்ல தூங்காதீங்கன்னு போட்டிருந்துச்சே நூர்ஜஹான்?”

“அது என் ராத்திரி டாக்டர்.”

சிரிப்பை நிறுத்திக்கொண்டார். “தப்பு எங்க மேலதான். உங்களுக்குப் பகல்லதான் வச்சிருக்கணும்.” அடுத்த வாரம் காலை பத்து மணிக்கு மறுபடி ஒயர். படுத்த நாலாவது நிமிஷம் தூங்கிவிட்டேனாம். மூச்சு எங்கும் நிற்கவில்லை. குறட்டை வெறும் குறட்டைதான். தூங்கும்போது முகத்தில் மாட்டிக்கொள்கிற மூச்சுக் கருவி தேவையில்லை என்றதும் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட. எத்தனை பேருக்கு அந்தக் கருவிக்காக இன்சூரன்ஸோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்!

“உங்களுக்குத் தனியா வியாதின்னு எதுவும் இல்ல” என்றார் டாக்டரம்மா. “தூக்கம் இல்லாததுதான் வியாதி. ஷிஃப்ட் மாத்துங்க. முடியலன்னா பகல் தூக்கத்தை ஒரே துண்டா, இருட்டுல, தினமும் ஒரே நேரத்துல தூங்குங்க. ஷிஃப்ட் முடிஞ்ச காலைல வண்டியத் தொடாதீங்க. உங்களுக்குப் பரவாயில்லன்னு தோணுச்சுன்னா அன்னைக்கு இன்னும் தொடாதீங்க.” கடைசி வாக்கியத்தை நான் எழுதி வைத்துக்கொண்டேன்.

ஆபீஸில் டாக்டர் கடிதத்தோடு கேட்டேன். பகலில் கணக்குப் பதிவு செய்யும் பிரிவில் இடம் வர இரண்டு மாதமாகும் என்றார்கள். ராத்திரி வேலைக்குத் தருகிற படிப்பணம் போய்விடும். போகட்டும் என்றார் கமால். அந்த இரண்டு மாதத்துக்கு அவர் ஒரு காரியம் செய்தார். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வந்து, படுக்கையறை ஜன்னலைக் கழற்றிவிட்டு, இரட்டைக் கண்ணாடி போட்டு, கறுப்புத் தாள் ஒட்டி, விளிம்பெல்லாம் ரப்பர் கொடுத்துப் புது ஜன்னல் செய்து மாட்டினார். ஊரில் பணக்காரர்களுக்கெல்லாம் அப்படி ஜன்னல் செய்து கொடுக்கிறவர்தான். நம் வீட்டில் இத்தனை வருஷமாக ஒரு பழைய லுங்கிதான் திரை. “முன்னாடியே செஞ்சிருக்கணும் நூரு” என்று சொல்லிவிட்டு, விரலால் ரப்பரை ஓரம்வரை அழுத்திக்கொண்டே இருந்தார்.

தெருவும் தன் பங்குக்குச் செய்தது. நாய் விவகாரத்தில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டதே! காய்கறி வண்டிக்காரர் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு முன்னால் ஒலிபெருக்கியை அணைத்து, நாலு வீடு தாண்டிப் போடுவார். மாடி வீட்டு அக்கா குக்கரைப் பின்பக்கத்து பால்கனிக்குக் கொண்டுபோய்விட்டார். பேங்க்காரர்களை மட்டும் யாராலும் நிறுத்த முடியவில்லை. போனையே அணைத்துவிட்டேன்.

ஹனா வேனில் போனாள். காலையில் பால்கனியில் நின்று கையாட்டுவேன். அவளும் ஆட்டுவாள். வகுப்பில் யாரோடு யாருக்குச் சண்டை என்று எனக்கு எதுவும் தெரியவில்லை. கேட்டால், “ஒண்ணுமில்லம்மா” என்பாள். பகல் வேலைக்கு மாறி, ரத்த அழுத்தம் இறங்கி, நெஞ்சின் வரிசையில் முந்துகிற ஆட்கள் குறைந்து, “இனி வண்டி ஓட்டலாம்” என்று டாக்டரம்மா சொன்னபிறகும் நான் ஹனாவைக் கூப்பிடவில்லை. கூப்பிட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? தனியாகத்தான் ஓட்டினேன்.

ஒரு நாள் வேன் பழுதாகி வரவில்லை. ஹனா புத்தகப் பையோடும் ஹெல்மெட்டோடும் என் முன்னால் வந்து நின்றாள்.

“ராத்திரி எத்தன மணிக்குத் தூங்கின?”

“பத்தரை.”

“எப்ப எழுந்த?”

“ஆறு.”

“நடுவுல?”

“ஒரு தடவ பாத்ரூம்.”

“அத்தா, நெஜமா?” என்று உள்ளே பார்த்துக் கேட்டாள். “நெஜம். குறட்டையில எனக்குத்தான் தூக்கம் போச்சு” என்று கமாலின் குரல் வந்தது. ஏறி உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள், என்னைப் பிடிக்கவில்லை. வழி நெடுகக் கேள்வி. “அம்மா, ஏழெட்டு?” “அம்பத்தாறு.” “இப்ப தாண்டின கடை பேரென்ன?” “மருந்துக்கடை, பேரு பாக்கல.” “பாக்கணும்!” பள்ளிக்கூடம் வருவதற்குள் எனக்குப் பதினாறாம் வாய்ப்பாடுவரை வந்துவிட்டது. மறுநாள் வேன் வந்தது. அதை அனுப்பிவிட்டு அவள் என்னிடமே வந்தாள். கேள்வியும் கூடவே வந்தது. இப்படி ஐந்தாறு வாரம், ஒரு நாள்கூட விடவில்லை. எரிச்சலே வரவில்லை எனக்கு, கேட்டுக்கொண்டே வரட்டும் என்றிருந்தது.

போன வாரம் அவளுக்குப் பரீட்சை. முந்தின ராத்திரி வெகுநேரம் படித்தாள், நான் சொல்லியும் கேட்கவில்லை. காலையில் லேசான தூறல். கிளம்பும்போது, “பன்னிரெண்டு பதிமூணு?” என்றாள். “நூத்தம்பத்தாறு” என்றேன். அதற்கப்புறம் கேள்வி வரவில்லை. ஒரு தெரு போயிற்று, இரண்டு தெரு போயிற்று. என்ன கோபமோ என்று நினைத்தேன். அப்போது முதுகில் ஹெல்மெட் டொக்கென்று முட்டியது. பிறகு அவள் கனம் முழுவதும் மெதுவாக என் மேல் சாய்ந்தது. ஒரு கை என் இடுப்பைச் சுற்றி வந்து துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டது.

வேகத்தைக் குறைத்து, ஒரு கையால் அவள் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, சாலையோரம் ஒரு மரத்தடியில் நிறுத்தினேன். இரண்டு காலையும் தரையில் நன்றாக ஊன்றிக்கொண்டேன். பரீட்சைக்கு நேரம் இருந்தது. இல்லாவிட்டாலும் நின்றிருப்பேன்.

பக்கத்துச் சிக்னலில் நின்ற போலீஸ்காரர் நடந்து வந்தார்.

“ஏம்மா இங்க நிக்கிற? வண்டில எதுனா கோளாறா?”

“ஒண்ணுமில்ல சார்” என்றேன், குரலைத் தாழ்த்தி. “பொண்ணு தூங்குறா.”